மரத்துக்கு முன்னாடி நிலா

நெமுரி ஏரி, பார்க்கிங் கூண்டு
அக்டோபர் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

இலையெல்லாம் செவந்துட்டு வர்ற இந்தக் குளிர் நாள்ல நீங்களும் அம்மாவும் நல்லா இருப்பீங்கன்னு நெனைக்கிறேன். பருவத்தைச் சொல்லித்தான் கடிதத்தை ஆரம்பிக்கணும்னு சின்ன வயசுல தலையில குட்டிச் சொல்லிக் குடுத்தீங்க. சொல்லிட்டேன். இனி விஷயத்துக்கு வர்றேன்.

போன் பண்ணுனா நீங்க எடுக்கறதில்ல. மெசேஜ் அனுப்புனா படிக்காமலே கெடக்கு. அம்மாகிட்ட சொல்லிப் பாத்தேன். "நான் வாயத் தொறந்தா, 'உன் பொண்ணுக்கு வக்காலத்தா'ன்னு கேப்பாரு. நீயே பேனாவுல எழுதி அனுப்பு. பேனா எழுத்து எது கைக்கு வந்தாலும் கடைசி வரி வரைக்கும் படிக்காம கீழ வைக்க மாட்டாரு. அது பாசமில்ல, ஆபீஸ் வியாதி"ன்னாங்க. பத்திரிகையில முப்பத்தோரு வருஷம் பிழை திருத்துன ஆளாச்சே. அந்த வியாதிய நம்பித்தான் எழுதுறேன்.

நான் இங்க ஏரிக்குப் போற வழியில பார்க்கிங் டிக்கெட் கிழிக்கிறேன். சீசன் முடியற வரைக்கும் வேலை. காலையில மூணு மணிக்குக் கூண்டைத் தொறக்கணும், ஏன்னா உங்கள மாதிரி ஆளுங்க அப்பவே வந்து வரிசை கட்டிடறீங்க. காலேஜை விட்டுட்டு இதுக்கா போனேன்னு கேப்பீங்க. கேட்டாக்கூட பரவால்ல.

எட்டாந்தேதி நீங்க வந்தீங்க. தனியா வந்தீங்க. கண்ணாடிய இறக்கி நீங்க கையை நீட்டுனப்போ டிக்கெட் குடுத்தது ததேவாகி அக்கா, பக்கத்துல காளான் சூப் கடை வச்சிருக்கறவங்க. நான் கூண்டுக்குள்ள ஹீட்டருக்குப் பக்கத்துல குனிஞ்சு உக்காந்துட்டேன். நீங்க போனதும் அக்கா, "யாரும்மா அது, கடன்காரனா?"ன்னாங்க. எங்கப்பான்னேன். "அப்ப அதவிட மோசம்"னு சிரிச்சாங்க.

சரி, விஷயம். இந்த வருஷம் இந்த மலையில கரடிங்க கொட்டை பொறுக்கித் திங்கற பூனா மரம் ஒண்ணுகூட காய்க்கல. போன வருஷம் கால் வைக்கற எடமெல்லாம் கொட்டை. இந்த வருஷம் தேடுனாலும் இல்ல. கொட்டை இல்லன்னா கரடி என்ன பண்ணும்னு உங்களுக்கே தெரியும், உங்க பத்திரிகையிலதான் வாராவாரம் போடறாங்களே. கீழ ஊருல ஆப்பிள் தோட்டத்துல மூணு மரத்தை ஒடிச்சுப் போட்டுருச்சு. பூங்கா ஆபீஸ் ஆளுங்க ஒரு மஞ்ச போர்டு வச்சுட்டுப் போயிருக்காங்க. மணி கட்டிக்கிட்டு நடங்க, பேசிக்கிட்டே நடங்க, சத்தம் கேட்டா கரடி ஒதுங்கிப் போயிரும்னு அதுல போட்டிருக்கு.

எல்லாரும் மணி கட்டிக்கிட்டுத்தான் வர்றாங்க. இருட்டுல அந்தச் சத்தம் நல்லாத்தான் இருக்கு, மாட்டுக்கூட்டம் போற மாதிரி. ஆனா பலகைப் பாதை ஆரம்பிக்கற எடத்துல உங்க போர்டு தொங்குதே, பத்து வருஷத்துக்கு முன்னாடி உங்க கையால எழுதுனது. "இங்கிருந்து மணிகளுக்கும் ஓய்வு." அங்க வந்ததும் ஒவ்வொருத்தரா நிக்கிறாங்க. மணிக்குள்ள இருக்கற காந்தத்தைத் தள்ளி நாக்கை ஒட்ட வைக்கறாங்க. டிக், டிக், டிக். கூண்டு வரைக்கும் கேக்குது. அப்புறம் ஒண்ணுமே கேக்கறதில்ல. முப்பது நாப்பது பேர் தண்ணிக்கரையில ஸ்டாண்டு போட்டு, கேமராவ வச்சுக்கிட்டு, ஒருத்தர் மூச்சு ஒருத்தருக்குக் கேக்காம நிக்கிறாங்க. அடுத்தவரு வீடியோவுல சத்தம் விழுந்துரக் கூடாதாம், உங்க போட்டோ சங்கத்து மரியாதை. ஒருத்தர் இருமல் வந்துச்சுன்னு பாதையில பாதி தூரம் திரும்பி ஓடி வந்து எங்க கூண்டுக்குப் பின்னால நின்னு இருமிட்டுப் போனாரு. சத்தியமா சொல்றேன்.

இன்னொண்ணு. எடுத்து முடிச்சு வர்றவங்க சூப் குடிக்கறப்போ கேமராத் திரையில படத்தைக் காட்டுவாங்க. ஏழாந்தேதி ஒருத்தர் காட்டுனாரு. அக்கரையில பாறைக்குக் கீழ கறுப்பா ஒண்ணு. என்ன இதுன்னேன். "மரக்கட்டைம்மா. வீட்டுக்குப் போயி அழிச்சுருவேன், படத்தைக் கெடுக்குது"ன்னாரு. நேத்து ஒரு அம்மா காட்டுனாங்க. பாறைக்குக் கீழ ஒண்ணுமில்ல. கட்டை இந்தப் பக்கம் வந்திருக்கு, விழுந்து கெடக்கற பெரிய மரத்துக்கிட்ட. அவங்களும் அழிச்சுருவேன்னாங்க.

நடக்கற கட்டைய நான் எங்கயும் பாத்ததில்லப்பா.

நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. டிக்கெட் கிழிக்கற பொண்ணு, தலைமுடிக்குச் சாயம் வேற. நீங்க சொன்னா கேப்பாங்க. அந்த போர்டை எடுத்துருங்கன்னு சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்க. இருபத்திமூணாந்தேதி உங்க சங்கத்து ஆளுங்க பதினாறு பேரு வர்றதா பதிவு பண்ணியிருக்கீங்க. அதுக்குள்ள எழுதுங்க.

குளிர் காலத்துல உங்க முட்டி வலிக்கும். சூடா ஒத்தடம் குடுங்க.

இப்படிக்கு,
மினோரி


அக்டோபர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

பருவம் இன்னும் குளிராயிருச்சு. நலமா இருக்கீங்களா?

என் கடிதத்தை செவப்பு மசியில திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கீங்க. பதினேழு பிழை. என் கையெழுத்துல "மலை" "மழை" மாதிரி தெரியுதாம், ஒத்துக்கறேன். கூடவே ஒரு தபால் அட்டை. ஒரு வருஷம் கழிச்சு நீங்க எனக்கு எழுதுன மொத வார்த்தைன்னு நாலு தடவ படிச்சேன். "பத்து வருடமாக ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அமைதி இந்த ஏரியின் அழகு. உன் வேலையைப் பார். பின்புறம், இவ்வருடத்தில் நான் எடுத்த சிறந்த படம். விடியல் பிறை."

படத்தைப் பத்தி அப்புறம் சொல்றேன். மொதல்ல முராகோஷி மாமா விஷயம்.

உங்க சங்கத்துப் பொருளாளர் முராகோஷி மாமா பதிமூணாந்தேதி எடம் பாக்க வந்திருந்தாரு. என்னைப் பாத்ததும், "அடடே, நம்ம ஒசனாய் பொண்ணு. உங்கப்பா சங்கத்துல உன்னப் பத்தி வாயே தொறக்க மாட்டாரு, அதுலயே தெரிஞ்சுக்கிட்டோம் உன்மேல எவ்வளவு நெனப்புன்னு"ன்னாரு. அந்த மாமாவுக்கு எப்பவுமே நாக்கு இனிப்பு.

அன்னைக்கு வரிசையில அவருதான் கடைசி ஆளு. பைய முதுகுக்குப் பின்னால பலகை மேல வச்சுட்டு கேமராவுல கண்ணை வச்சிருக்காரு. மூடுபனி எழும்பி, வெளிச்சம் வந்து, ஏரி முழுக்க செவப்பாகி, எல்லாம் அரைமணி நேரம். அந்த அரைமணி நேரம் யாராவது பின்னால திரும்பிப் பாப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. முடிஞ்சு திரும்புனா பையக் காணோம்.

அதுக்கு அவரு என்ன பண்ணுனாரு தெரியுமா? கத்தலப்பா. பையக் காணோம்னு சத்தமா சொன்னா பக்கத்துல நிக்கறவங்களத் திருடன்னு சொன்ன மாதிரி ஆகிடுமாம். சிரிச்சுக்கிட்டே எல்லாருக்கும் தலை குனிஞ்சு, நல்ல விடியல் நல்ல விடியல்னு சொல்லிட்டு, கூண்டுக்கு வந்து என் காதுல சொல்றாரு. நானும் ததேவாகி அக்காவும் போயித் தேடுனோம். பாதையில இருந்து ஒரு நாப்பது அடி, மூங்கில் புதருக்குள்ள கெடந்துச்சு. பை குறுக்கால கிழிஞ்சிருக்கு, நாலு கோடு. சோத்து உருண்டை ரெண்டையும் காணோம், சுத்தியிருந்த தாள்கூட இல்ல. லென்ஸு மேல எச்சில். தொட்டேன், இன்னும் ஒட்டுச்சு.

முப்பத்திரெண்டு பேரு முதுகுக்குப் பின்னால, கை நீட்டுனா தொடற தூரத்துல நின்னு எடுத்துட்டுப் போயிருக்கு. ஒருத்தர் காதுலயும் விழல. ஒரு மணியும் அடிக்கல.

மாமா முகம் வெளுத்துருச்சு. ஆனா என்ன சொன்னாரு? "நரியா இருக்கும்மா. சின்ன விஷயம். வெளிய சொல்லாத, உங்கப்பா இருபத்திமூணாந்தேதிக்காக எவ்வளவு நாளா ஏற்பாடு பண்றாரு. நம்ம சங்கத்தால ஏரிய மூடுனாங்கன்னு பேரு வரக்கூடாது." அக்கா அவருகிட்ட கிழிஞ்ச பைய விரிச்சுக் காட்டி, "இந்த நரி நகம் வெட்டி ரொம்ப நாளாச்சு போலருக்கு"ன்னாங்க. அவரு காதுல வாங்காத மாதிரி வண்டியக் கெளப்பிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலமே உங்க போர்டை நான் கழட்டிட்டேன். ஆமா, நான்தான். கூண்டுக்குள்ள இருக்கு, ஒடைக்கல. மறுநாள் காலையில வந்தவங்க டார்ச் அடிச்சுத் தேடுறாங்க. "ஒசனாய் ஐயாவோட போர்டைக் காணோமே, எந்த மரியாதை கெட்டவன் எடுத்தான்"ங்கறாங்க. போர்டு இல்லாத எடத்துல நின்னே டிக், டிக்னு மணியை அடைக்கறாங்க. அதுக்கு அடுத்த நாள் ஒரு பெரியவரு அட்டையில உங்க வாசகத்தையே அழகா எழுதிக் கொண்டாந்து கட்டிட்டுப் போயிட்டாரு. கீழ "ஒசனாய் அவர்களின் நினைவாக"ன்னு போட்டிருக்காரு. நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சுட்டாரு போல. அதைப் பாத்து மொதல்ல சிரிச்சேன். கொஞ்ச நேரத்துல சிரிப்பு நின்னுருச்சு. அந்த அட்டையையும் கழட்டிட்டேன்.

பூங்கா ஆபீஸுக்குப் பைய எடுத்துக்கிட்டுப் போகலாம்னா மாமா கையோட கொண்டு போயிட்டாரு. வாயால சொன்னேன். அங்க இருக்கற ஆளு நல்லவருதான். பதினொரு மணிக்கு வந்து புதரெல்லாம் பாத்தாரு. "கரடின்னு உறுதியா ஒரு ஆதாரம் இருந்தா நாளைக்கே பாதைய மூடுவேன். தங்குற விடுதி எல்லாம் நிரம்பியிருக்கு, கட்டை நடக்குதுன்னு சொல்லி மூட முடியாதும்மா"ன்னாரு. அவரு சொல்றதும் சரிதான்.

இப்ப உங்க படம்.

நல்ல படம்ப்பா. பொய் சொல்லல. கூண்டு சுவத்துல ஒட்டி வச்சேன். கரையே தெரியாம முழுக்க தண்ணிய மட்டும் எடுத்திருக்கீங்க. தலைகீழா மரம், செவப்பும் மஞ்சளும், நடுவுல மரத்து நிழலு கறுப்பா இறங்குற எடத்துல மெல்லிசா ஒரு பிறை. எங்க நின்னு எடுத்தீங்கன்னு எனக்குத் தெரியும். ஏரி குறுகி ஓடை மாதிரி ஆகற மூலை, நீங்க எப்பவும் நிக்கற எடம். எதிர்க்கரை இருபது அடிகூட வராது.

ரெண்டு நாள் அந்தப் படத்தைப் பாத்துக்கிட்டே டிக்கெட் கிழிச்சேன். என்னமோ ஒறுத்திக்கிட்டே இருந்துச்சு. நேத்து விளங்குச்சு.

எட்டாந்தேதி எடுத்தது. ஏழாந்தேதிதான் முழு நிலா. கூண்டுல காலண்டர் தொங்குது. அன்னைக்கு வானத்துல பிறை எங்கிருந்து வந்துச்சு? சரி, காலண்டர் தப்புன்னே வச்சுக்குவோம். படத்துல நிலா எங்க இருக்கு பாருங்க. தண்ணியில ஆகாசம் விழுந்த எடத்துல இல்ல. காடு விழுந்த எடத்துல இருக்கு. மரத்துக்கு முன்னாடி நிலா எப்படிப்பா வரும்?

படத்தைத் தலைகீழா திருப்பிப் பிடிங்க. அந்தக் கறுப்பு மரத்து நிழலு இல்ல. ரெண்டு காது தெரியும். பிறை நெஞ்சுல இருக்கு. நம்ம மலைக்கரடிக்கு நெஞ்சுல பிறை இருக்கும்னு ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கும் தெரியும். எந்திரிச்சு ரெண்டு காலுல நின்னாத்தான் அது தெரியும். அது நின்னுக்கிட்டு இருந்திருக்கு. உங்களுக்கு நேரா, இருபது அடியில, நீங்க நிழலை எடுத்து முடிக்கற வரைக்கும் உங்களையே பாத்துக்கிட்டு.

இதைப் படிச்சுட்டு ஒரு டீ குடிங்க.

தபால் அட்டைய ஆபீஸ்ல காட்டுனேன். அந்த ஆளு பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துட்டு, அட்டையத் தலைகீழா திருப்பி இன்னொரு தடவ பாத்தாரு. அப்புறம், "அச்சுல சின்னதா இருக்கு, எனக்குத் தெரியுது, ஆனா மேலிடத்துக்குக் காட்ட இது பத்தாது. எடுத்தவர்கிட்ட மூலப்படத்தை வாங்கிக் குடு. அது வந்த அன்னைக்கே மூடுறேன்"னாரு. அவரு முகவரிய இந்தக் கடிதத்தோட வச்சிருக்கேன். அந்த ஒரு படத்தை அனுப்புங்க. வேற எதுவும் எழுத வேண்டாம்.

உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம்னு தெரியும். கண்காட்சிக்கு வேற குடுத்துட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க. முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் பிழையப் பிடிச்ச மனுஷன், நிலாவுல தப்பு விட்டாருன்னு நாலு பேரு சிரிப்பாங்க. சிரிக்கட்டும்ப்பா. என்னப் பாத்து ஒரு வருஷமா சிரிக்கறாங்க, ஒண்ணும் ஆகிடல.

பனி எறங்குது. கழுத்தை மூடிக்கிட்டு வெளிய போங்க.

இப்படிக்கு,
மினோரி


அக்டோபர் 20, விரைவுத் தபால்

அப்பாவுக்கு,

பருவத்தைச் சொல்ல நேரமில்ல.

நேத்து வரைக்கும் ஆபீஸுக்குப் படம் வரல. ரெண்டு தடவ போயிக் கேட்டேன். அந்த ஆளு என்னப் பாத்ததும் தூரத்துலயே கைய விரிச்சுட்டாரு. அம்மாகிட்ட கேட்டேன். "கடிதத்தைப் படிச்சாரு. அன்னைக்கு முழுக்க அறைக் கதவைச் சாத்திட்டு இருந்தாரு. உள்ள என்ன பண்ணுனாருன்னு தெரியல. சாப்பிடக் கூப்பிட்டா, பசியில்லன்னாரு. பயணத்தை ரத்து பண்ணவும் இல்ல"ன்னாங்க. செவப்பு மசியில கடிதம் திரும்பி வரல. அதனால நான் சொன்னது சரின்னு உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்.

இங்க நெலமை இதுதான். கட்டை இப்ப படத்துல வர்றதில்ல. நாலு நாளா ஒருத்தர் படத்துலயும் இல்ல. ததேவாகி அக்கா, போயிருச்சு போலருக்குன்னு சந்தோஷப்பட்டாங்க. எனக்கு அப்படித் தோணல. அக்கரையில நின்னாத்தான் படத்துல விழும். முந்தாநாள் ஒரு ஆளு சூப் குடிக்கறப்போ சாதாரணமா சொன்னாரு, "பின்னால யாரோ வந்து நின்ன மாதிரி இருந்துச்சு, மூச்சு சத்தம் கேட்டுச்சு, நல்ல எடத்துக்குக் காத்திருக்கறாருன்னு நெனச்சு மரியாதைக்குக் கொஞ்சம் ஒதுங்கிக் குடுத்தேன். திரும்பிப் பாத்தா யாரும் இல்ல." அவரு எங்க நின்னாருன்னு கேட்டேன். அந்தக் குறுகுற மூலையிலதான், உங்க எடத்துல.

வர்றவங்க எல்லாருகிட்டயும் டிக்கெட் குடுக்கறப்போ சொல்றேன். மணியை அடைக்காதீங்க, பையத் தரையில வைக்காதீங்க, பேசிக்கிட்டே இருங்கன்னு. சரி சரின்னு தலையாட்டிட்டுப் போறாங்க. முந்தாநாள் நானே மணியோட அவங்க பின்னால போனேன். ஒரு அம்மா திரும்பி உதட்டு மேல விரலை வச்சாங்க, கோபமா இல்ல, கொழந்தைகிட்ட வைக்கற மாதிரி. நாப்பது பேரும் அப்படியே திரும்பிப் பாத்தாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. மணியைக் கையில பொத்திக்கிட்டேன். பொத்துனதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது என்ன பண்ணுனேன்னு. நானும் உங்க பொண்ணுதானே.

அதனால இப்ப ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். நீங்க இன்னைக்கோ நாளைக்கோ படத்தை அனுப்புனா பாதைய மூடிருவாங்க. நீங்க வர வேண்டாம். நானும் வேலை போயி வேற ஊரு பாத்துக்குவேன். ரொம்ப சந்தோஷம்.

அனுப்பலைன்னா, இருபத்திமூணாந்தேதி காலையில நீங்க பதினாறு பேரும் வருவீங்க. உங்க எடத்துல நீங்க ஸ்டாண்டு போடறதுக்கு முன்னாடி நான் அங்க இருப்பேன். சூப் கடையில இருந்து பெரிய மூடியும் கரண்டியும் கேட்டு வாங்கிட்டேன். "ஒடைஞ்சா புதுசு வாங்கித் தரணும்"னாங்க அக்கா. மூடுபனி எழும்பறப்போ, வெளிச்சம் வர்றப்போ, எல்லாரும் மூச்சைப் பிடிக்கறப்போ, நான் அடிப்பேன். தண்ணியில இருக்கற வாத்தெல்லாம் எந்திரிச்சு உங்க படத்துல அலை விழுகும். பதினாறு பேரு படமும் போயிரும். கண்காட்சி போயிரும். உங்க மானமும் போயிரும். இந்தத் தடவ வெக்கப்பட்டுக் கையப் பொத்திக்க மாட்டேன்.

உங்களுக்கு கோபம் வரும். அன்னைக்கு, காலேஜை விட்ட தாளை மேசை மேல வச்சேனே, அப்ப வந்த மாதிரி வரும். இந்தத் தடவ மட்டும் தயவு பண்ணி அன்னைக்கு மாதிரி வாயை மூடிக்கிட்டு உள்ள போயிறாதீங்கப்பா.

திட்டுங்க. சங்கத்து ஆளுங்க எல்லாரு முன்னாடியும் என்னைத் திட்டுங்க. படிப்பை விட்டதுக்கு, முடிக்குச் சாயம் பூசுனதுக்கு, போர்டைக் கழட்டுனதுக்கு, நிலாவைக் கண்டுபிடிச்சதுக்கு, ஒரு வருஷமும் பன்னெண்டு நாளுமா சேத்து வச்சிருக்கற எல்லாத்துக்கும் திட்டுங்க. மெதுவா திட்டாதீங்க. உங்க சத்தம் எதிர்க்கரைப் புதருக்குள்ள வரைக்கும் போயி விழணும். நடுவுல நிறுத்தாதீங்க. வெயிலு வந்து பலகைப் பாதை காயற வரைக்கும் திட்டிக்கிட்டே இருங்க. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன், நின்னு கேப்பேன்.

மலைப்பாதையில பனி ஒறஞ்சிருக்கு. வண்டியை மெதுவா ஓட்டுங்க.

உங்க மகள்,
மினோரி